ஆறு மாதத்தில் அணைந்துபோகும் ஜீன்... அதை மீண்டும் எரியவிட்டால் சிக்கிள் செல் நோய் அடங்கும்!

பிறந்து நான்கைந்து மாதம்வரை அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இருக்காது. பால் குடிக்கும், சிரிக்கும், குப்புற விழும். ஆறு மாதத்தைத் தொட்ட பிறகு ஒருநாள் கைவிரல்களும் பாதங்களும் வீங்கிக்கொள்ளும். தொட்டாலே வீறிட்டு அழும். பூச்சி கடித்திருக்குமோ, யாராவது கண் வைத்திருப்பார்களோ என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் 'சிக்கிள் செல் அனீமியா' என்று ரிசல்ட் வரும். தமிழில் அரிவாள் செல் ரத்தசோகை.

இது தொற்று நோயல்ல. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த ஜீனில், அதாவது மரபணுவில் உள்ள கோளாறு. கரு உருவான முதல் நாளிலிருந்தே அது குழந்தையின் உடலில் இருக்கிறது. அப்படியென்றால் பிறந்து இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தது?

இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப்போனவர்கள்தான் ஒரு சிகிச்சையையே கண்டுபிடித்துவிட்டார்கள். பதில் இதுதான்... அந்தக் குழந்தையிடம் நல்ல ஜீன் ஒன்று இருந்தது. அதுதான் அதுவரை ரத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை உடலே ஆஃப் செய்துவிட்டது!

பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு டாட்டா காட்டிய நான் இந்த விஷயத்தைப் படித்தபோது முதலில் கேட்ட கேள்வி, 'ஜீனை ஆஃப் பண்ண முடியுமா என்ன?' என்பதுதான். முடியும். நம் உடலில் ஒவ்வொரு நொடியும் அதுதான் நடக்கிறது.

கல்லீரலுக்கு எதற்கு மூளை வேலை?

நம் உடலில் இருக்கும் செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ-தான் இருக்கிறது. கண்ணில் இருப்பதும் அதுவே, கல்லீரலில் இருப்பதும் அதுவே. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு பெரிய புத்தகம். அதில் புரதம் தயாரிக்கும் குறிப்புகள், அதாவது ஜீன்கள், சுமார் 20,000. ஆனால் புரதத்துக்கான எழுத்துகளை மட்டும் கூட்டினால் மொத்தப் புத்தகத்தில் 2 சதவிகிதம்கூட வராது.

மீதி 98 சதவிகிதத்தில் என்னதான் இருக்கிறது? எல்லாமே உபயோகமானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குள்தான் சுவிட்சுகள் இருக்கின்றன. எந்த ஜீன், எந்த செல்லில், எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னச் சின்ன எழுத்துத் துண்டுகள். ஜீனின் வாசலிலேயே இருக்கும் துண்டுக்கு புரொமோட்டர் என்று பெயர். தூரத்தில் இருந்துகொண்டு ஜீனைத் தூண்டிவிடும் துண்டு என்ஹேன்சர். அடக்கி வைக்கும் துண்டு சைலன்சர். ஆமாம், பைக்கில் இருக்கிறதே, அதே பெயர்தான். வேலையும் கிட்டத்தட்ட அதேதான்!

இந்த எழுத்துத் துண்டுகள் தாமாக எதையும் செய்வதில்லை. இவை வெறும் இருக்கைகள். குறிப்பிட்ட சில புரதங்கள் வந்து உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும். தூண்டும் புரதம் வந்து உட்கார்ந்தால் ஜீன் ஆன். அடக்கும் புரதம் உட்கார்ந்தால் ஆஃப்.

ஒரு உதாரணம். நரம்பு செல்களுக்கு மட்டுமே தேவைப்படும் ஜீன்கள் பல இருக்கின்றன. அவை கல்லீரல் செல்லில் எரிந்துகொண்டிருந்தால் வீண் வேலை. அதனால் அந்த ஜீன்கள் பலவற்றின் அருகில் 21 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. 'ரெஸ்ட்' என்ற புரதம் அதில் வந்து உட்கார்ந்து, 'உனக்கு இங்கே வேலை இல்லை' என்று அடக்கிவிடும். 1995-ல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தன. நரம்பு செல்லாக மாறும்போது 'ரெஸ்ட்' விலகிக்கொள்கிறது, ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. ஒரு செல் என்னவாக இருக்கிறது என்பதை, அது எதையெல்லாம் அணைத்து வைத்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

வயிற்றுக்குள் ஒரு ரத்தம், வெளியே வந்தால் இன்னொரு ரத்தம்

இப்போது குழந்தையின் ரத்தத்துக்கு வருவோம்.

ரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா என்ற புரதம் இரண்டு, பீட்டா என்ற புரதம் இரண்டு. நான்கும் சேர்ந்து ஒரு வண்டி.

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இந்த வண்டி போதாது. அது மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு தாயின் ஹீமோகுளோபினைவிட கெட்டியாக ஆக்சிஜனைப் பிடிக்கும் வேறொரு ஹீமோகுளோபின் வேண்டும். அதனால் பீட்டாவுக்குப் பதிலாக காமா என்ற புரதத்தைப் போட்டு, 'சிசு ஹீமோகுளோபின்' தயாராகிறது.

இந்த ஜீன்கள் 11-வது குரோமோசோமில் வரிசையாக அமைந்திருப்பதே ஓர் அழகு. முதல் சில வாரங்களின் கருவுக்கான எப்சிலான், அடுத்து சிசுவுக்கான காமா இரண்டு, பிறகு கொஞ்சமே வேலை செய்யும் டெல்டா, கடைசியில் பெரியவர்களுக்கான பீட்டா. வயது வரிசைப்படி உட்கார வைத்ததுபோல இருக்கும். வரிசைக்கு முன்னால் ஒரு பெரிய கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. டி.என்.ஏ வளைந்து கொடுக்க, அந்தப் பகுதி ஒரு பருவத்தில் காமாவைத் தொட்டு எரியவைக்கிறது. அடுத்த பருவத்தில் பீட்டாவைத் தொடுகிறது.

பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி சிசு ஹீமோகுளோபின்தான். அதன் பிறகு காமா ஜீன் மெள்ள மெள்ள அடங்குகிறது. பீட்டா எழுகிறது. ஒரு வயதைத் தாண்டும்போது பெரும்பாலானவர்களுக்கு சிசு ஹீமோகுளோபின் ஓரிரு சதவிகிதமாகச் சுருங்கிவிடும். இன்னொரு ஆச்சர்யம்... இந்த மாற்றத்துக்கான கடிகாரம் பிரசவத்தைப் பார்த்து ஓடுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், கரு உருவான நாளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் மாற்றம் நடக்கிறது. சீக்கிரம் பிறந்துவிட்டது என்பதற்காக ஜீன் அவசரப்படுவதில்லை!

(ஒரு சின்ன விளக்கம்: ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவில் டி.என்.ஏ-வே கிடையாது. இந்த ஆன், ஆஃப் எல்லாம் எலும்பு மஜ்ஜையில் அது உருவாகும்போதே நடந்து முடிந்துவிடும்.)

இப்போது முதல் கேள்விக்கான பதில் புரிந்திருக்கும். சிக்கிள் செல் நோயில் பழுது இருப்பது பீட்டா ஜீனில். ஒரே ஒரு எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமான குச்சிகளாகின்றன. வட்டமாக, நெகிழ்வாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைத்துப்போகிறது. மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கிறது. அடைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வலி. எலும்பில், நெஞ்சில், வயிற்றில். மூளையில் வந்தால் பக்கவாதம். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் செல்லுக்கு ஆயுள் 10, 20 நாள்தான்.

காமா வேலை செய்யும்வரை பீட்டாவின் பழுது வெளியே தெரியாது. காமா அணைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

இதை முதலில் ஊகித்தவர் நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவ செல்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்து, சிசு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று 1948-ல் எழுதினார். டி.என்.ஏ-வின் வடிவமே அப்போது தெரியாது. அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஒரு டாக்டர் தன் வார்டில் நடப்பதைக் கவனமாகப் பார்த்தார், அவ்வளவுதான்!

அணையாத விளக்குக்காரர்கள்

அடுத்த தடயம் ஆரோக்கியமானவர்களிடமிருந்து வந்தது. சிலருக்கு வயது வந்த பிறகும் காமா ஜீன் அணைவதே இல்லை. அவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. வேறு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்யும்போது தற்செயலாகத்தான் தெரியவரும். இப்படிப்பட்ட ஒருவருக்கு சிக்கிள் செல் ஜீனும் இருந்தால், நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

அப்படியென்றால் இவர்களின் ஆஃப் சுவிட்சில் ஏதோ பழுது என்றுதானே அர்த்தம்? 1985-ல் கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த இப்படிப்பட்டவர்களின் காமா ஜீனை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். ஜீன் சரியாகவே இருந்தது. ஜீன் தொடங்கும் இடத்துக்கு 117 எழுத்துகள் முன்னால், புரொமோட்டரில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அந்த ஓர் எழுத்து மாறியதால் விளக்கு அணையவில்லை.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து ஜீனை அணைப்பது யார்? இதற்கு விடை கிடைக்க 33 ஆண்டுகள் ஆயின!

2007-ல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்வீ லே தெய்ன் குழுவினர், சிசு ஹீமோகுளோபின் கொண்ட செல்கள் அதிகமாக இருப்பவர்களையும் குறைவாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு, மொத்த டி.என்.ஏ-வையும் சலித்தார்கள். காமா ஜீன் இருப்பது 11-வது குரோமோசோமில். ஆனால் கை காட்டப்பட்டதோ 2-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன். பெயர் பி.சி.எல்.11ஏ. ரத்தத்தோடு அதற்கு இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில், அப்போது மாணவராக இருந்த விஜய் சங்கரனும் குழுவினரும் சிவப்பணுவாக மாறவிருக்கும் மனித செல்களில் பி.சி.எல்.11ஏ-வைக் குறைத்துப் பார்த்தார்கள். காமா மீண்டும் எரிந்தது. ஆக, அணைக்கும் கை இதுதான். 2011-ல் சிக்கிள் செல் நோயுள்ள எலிகளின் ரத்த செல்களில் இந்த ஜீனை நீக்கியபோது, எலிகளின் நோய் சரியானது.

கடைசி முடிச்சு 2018-ல் அவிழ்ந்தது. பி.சி.எல்.11ஏ புரதம் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்துகளைத் தேடிப் போய் உட்காருகிறது. காமா ஜீனுக்கு 115 எழுத்துகள் முன்னால் சரியாக அந்த ஆறு எழுத்துகள் இருக்கின்றன. கிரேக்கர்களிடம் மாறியிருந்த எழுத்து, அந்த ஆறில் ஒன்று! இருக்கை கிழிந்துவிட்டது, உட்கார முடியவில்லை. அதனால்தான் விளக்கு அணையவில்லை.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் புரதம்

உட்கார்ந்தால் போதுமா, எப்படி அணைகிறது? இதைப் படிக்கும்போது எனக்கு நம்மூர் டவுன் பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

காமா ஜீனின் வாசலில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். ஒன்று, பி.சி.எல்.11ஏ உட்காரும் இருக்கை. அதிலிருந்து சுமார் 30 எழுத்துகள் தள்ளி, ஜீனைத் தூண்டிவிடும் என்.எஃப்.ஒய் என்ற புரதத்தின் இருக்கை. பி.சி.எல்.11ஏ தன் இடத்தில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டிலும் துண்டைப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. தூண்டும் புரதத்துக்கு இடமில்லை. 2021-ல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. சிசுவின் செல்லில் பி.சி.எல்.11ஏ மிகக் குறைவு. அதனால் என்.எஃப்.ஒய் ஹாயாக உட்கார்ந்திருக்கும்.

இதோடு நிற்பதில்லை. பி.சி.எல்.11ஏ தனியாக வருவதில்லை, ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நீளமான டி.என்.ஏ நூல், ஹிஸ்டோன் என்ற உருண்டைகளில் நூல்கண்டுபோலச் சுற்றப்பட்டிருக்கும். சுற்று தளர்வாக இருந்தால்தான் ஜீனைப் படிக்க முடியும். கூட வருகிறவர்கள் அந்த இடத்தை இறுக்கிச் சுருட்டி, படிக்க முடியாமல் செய்துவிடுகிறார்கள். எழுத்து ஒன்றுகூட அழியவில்லை, புத்தகம் மூடப்பட்டிருக்கிறது. மூடியதைத் திறக்கலாம் அல்லவா? மொத்த சிகிச்சையும் இந்த ஒரு வாய்ப்பை நம்பித்தான் வந்தது.

அணைப்பவரையே அணைத்தால்?

சரி, பி.சி.எல்.11ஏ-வை வெட்டி எறிந்துவிட்டால் முடிந்தது கதை என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தப் புரதம் மூளை வளர்ச்சிக்கும் வேண்டும், நோய் எதிர்ப்பு செல்களுக்கும் வேண்டும். பிறவியிலேயே இந்த ஜீனின் ஒரு பிரதி இல்லாமல் போன குழந்தைகளுக்கு சிசு ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்களின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. ரத்த ஸ்டெம் செல்களுக்கேகூட இது தேவை.

வழி மீண்டும் சுவிட்சிலேயே கிடைத்தது. 2013-ல் ஆர்கின் ஆய்வகத்தில் டேனியல் பாவர் குழுவினர், பி.சி.எல்.11ஏ ஜீனுக்குள்ளேயே, அது தொடங்கும் இடத்திலிருந்து 50,000 எழுத்துகளுக்கு மேல் தள்ளி ஒரு என்ஹேன்சர் இருப்பதைக் கண்டார்கள். அது சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் பி.சி.எல்.11ஏ-வை எரியவைக்கும் சுவிட்ச். மூளை செல்லுக்கு அது தேவையே இல்லை. ஹாலில் ஒரு சுவிட்ச், மாடியில் ஒரு சுவிட்ச் என்று ஒரே ஜீனுக்குப் பல சுவிட்சுகள். அதில் சிவப்பணுவுக்கான சுவிட்சை மட்டும் கழற்றிவிட்டால்?

கொஞ்சம் தலை சுற்றலாம், ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம். காமா, நல்ல ஜீன். அதை அணைப்பது பி.சி.எல்.11ஏ. அந்த பி.சி.எல்.11ஏ-வை எரியவைப்பது இந்த என்ஹேன்சர். என்ஹேன்சரைக் கெடுத்தால், அணைப்பவர் வரமாட்டார், காமா எரியும்.

எழுத்தை வெட்டும் கருவி அதற்குள் தயாராகிவிட்டது. 2012-ல் எமானுவல் ஷார்ப்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவரும் வெளியிட்ட கிரிஸ்பர் தொழில்நுட்பம். 2020-ல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது. 2015-ல் பாஸ்டன் குழுவினர் கிரிஸ்பரைக் கொண்டு அந்த என்ஹேன்சரை இடம் இடமாக வெட்டிப் பார்த்து, அதில் எந்தச் சில எழுத்துகள் உயிர்நாடி என்று கண்டுபிடித்தார்கள். காட்டா-1 என்ற புரதம் உட்காரும் இடம் அது. கிரிஸ்பர் அங்கே வெட்டும். செல் அவசர அவசரமாக ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விட்டுப்போகும் அல்லது கூடிவிடும். இருக்கை கெட்டுவிடும்.

2019 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த விக்டோரியா கிரே, நாஷ்வில் நகர மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைப் பெற்றார். அமெரிக்காவில் சிக்கிள் செல் நோய்க்கு கிரிஸ்பர் சிகிச்சை பெற்ற முதல் நபர். அப்போது அவருக்கு 34 வயது, நான்கு பிள்ளைகளின் தாய். சிறுவயதிலிருந்தே வலியும் மருத்துவமனையுமாக வாழ்ந்தவர். அவருடைய ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வெட்டித் திருத்தி, மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அந்த செல்களுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் செல்கள்'. 15 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அவருடைய மொத்த ஹீமோகுளோபினில் 40 சதவிகிதத்துக்கும் மேல் சிசு ஹீமோகுளோபின். கடுமையான வலித் தாக்குதல்கள் நின்றுபோயிருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருடைய பீட்டா ஜீனில் இருந்த பழுது அப்படியேதான் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை!

'காஸ்ஜெவி' என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கணக்கில் எடுத்துக்கொண்ட 31 நோயாளிகளில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டுக்காவது கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை. பீட்டா தலசீமியா நோய்க்கும் இதே சிகிச்சை இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் குறை பீட்டாவில், ஈடுகட்டுவது காமா. இந்த ஆஃப் சுவிட்ச் ஆய்வுக்காக தெய்ன், ஆர்கின் இருவருக்கும் 2024-ல் ஷா பரிசு கிடைத்தது.

இதை ஊசி போட்டு அனுப்பும் சிகிச்சையாக நினைத்துவிடாதீர்கள். திருத்திய செல்களுக்கு இடம் கொடுக்க, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய ஸ்டெம் செல்களை கீமோதெரபி மருந்தால் அழிக்க வேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், எதிர்ப்பு சக்தி சில வாரங்களுக்கு அடிமட்டத்துக்குப் போகும். குழந்தை பெறும் திறன் பாதிக்கப்படலாம் என்பதால் முன்கூட்டியே கருமுட்டை, விந்தணுவைச் சேமிப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.

நீலகிரியில் தொடங்கிய இந்தியக் கணக்கு

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நெடுநாள் இதைச் சொல்லிவந்தார்கள். இந்தியாவிலும் இது உண்டு என்று 1952-ல் முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர் மக்களிடையே இன்றைக்கும் இந்த நோய் இருக்கிறது. ஒரே ஒரு பழுதான ஜீன் மட்டும் இருப்பவர்களுக்கு நோய் வராது, மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா ஆட்டம் போட்ட காட்டுப் பகுதிகளில் இந்த ஜீன் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டதற்கு அதுதான் காரணம்.

நம் நாட்டு நோயாளிகள் பலரிடம் ஒரு விசேஷம் உண்டு. காமா ஜீனுக்கு 158 எழுத்துகள் முன்னால், அதே வாசலில், சி இருக்க வேண்டிய இடத்தில் டி. பழுதான பீட்டா ஜீனோடு சேர்ந்தே இதுவும் பரம்பரையாக வருகிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஆப்பிரிக்க வம்சாவளி நோயாளிகளைவிட சிசு ஹீமோகுளோபின் பொதுவாக அதிகம். விளக்கு முழுதாக அணையாமல் சிமிழ்போல எரிந்துகொண்டிருக்கிறது. அதனால் நம்மூரில் இந்த நோய் லேசானது என்று ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வலியில் துடிப்பவர்களும், சிறுவயதிலேயே பக்கவாதம் வந்தவர்களும் இங்கேயும் இருக்கிறார்கள்.

மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று, 2047-க்குள் சிக்கிள் செல் நோயை ஒழிக்கும் திட்டத்தை மத்தியப்பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கியது. 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பரிசோதனை முக்கியம், ஏனென்றால் ஒரே ஒரு பழுதான ஜீன் உள்ளவருக்கு அறிகுறியே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் திருமணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவிகிதம் வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், திருமணத்துக்கு முன்பே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பழுதான ஜீன் ஒன்று இருக்கிறது என்று ரிசல்ட் வந்தால், அவர் நோயாளி அல்ல. பெண் பார்க்கும் இடத்தில் இதைக் குறையாகச் சொல்வது அபத்தம்.

காஸ்ஜெவிக்கு வழியில்லாதவர்களுக்கு இன்று கையில் இருப்பது ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை. அமெரிக்காவில் 1998-லேயே இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்ட பழைய, விலை குறைந்த மருந்து. சுவாரஸ்யம் என்னவென்றால், இதுவும் சிசு ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. எப்படிக் கூட்டுகிறது என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை, டாக்டரின் கண்காணிப்பில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும்.

இந்தியாவிலேயே தயாராகும் ஜீன் சிகிச்சைக்கான முயற்சிகளும் நடக்கின்றன. டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்-ஐ.ஜி.ஐ.பி ஆய்வகம் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, 'பிர்சா 101' என்ற பெயரில் 2025 நவம்பரில் அறிமுகம் செய்யப்பட்டது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர்.

வேலூர் சி.எம்.சி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் எடுத்திருக்கும் வழி, இந்தக் கட்டுரையில் பார்த்த அந்த வாசலுக்கே நேராகப் போகிறது. டி.என்.ஏ-வை வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் 'பேஸ் எடிட்டிங்' முறையில், காமா ஜீனின் புரொமோட்டரை அவர்கள் இடம் இடமாக மாற்றிப் பார்த்தார்கள். கிரேக்கர்களிடம் இயற்கையாக நடந்ததைப்போல, எந்த எழுத்தை மாற்றினால் காமா எரிகிறது என்ற தேடல். ஏற்கெனவே தெரிந்த இடங்களோடு, இதுவரை யாரும் அறியாத சில இடங்களும் கிடைத்தன. 2022-ல் அது 'ஈலைஃப்' இதழில் வெளியானது. ஆய்வகத்து செல்களில் கிடைத்த முடிவு அது. அங்கிருந்து ஒரு நோயாளியின் படுக்கைவரை வர, பாதுகாப்புச் சோதனைகள், அனுமதி, அதைவிட முக்கியமாக விலை என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். கீமோதெரபியே இல்லாமல், ஊசி வழியாக உடலுக்குள்ளேயே எழுத்தைத் திருத்த முடியுமா என்றும் உலகெங்கும் பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. அது கைகூடினால் வாரக்கணக்கான மருத்துவமனை வாசம் தேவைப்படாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயேகூட செய்ய முடியலாம்.